எங்கள் பக்கத்துக்கு ரோஸ் கலர்

போன மாதம் அம்பத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பில் நம் பழைய தெருக்காரர்கள் பலரை ஒன்றாகப் பார்த்தேன். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. சிலருக்கு நரைப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் உங்களில் ஒருவர் தன் மருமகளுக்கு என்னைக் காட்டி, "இவுங்க அம்மா இன்னா பண்ணாங்க தெரியுமா? ஊட்டுக்குக் கலரு அடிச்சே ஒரு கல்யாணத்த நிறுத்துனவங்க!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேப்பம்பட்டுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்ததால் இப்போது உங்களுக்கெல்லாம் எழுதுகிறேன். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிரித்தால் பொறுத்துக்கொள்வேன். நீங்களெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். அந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனீர்கள்.

வீடு ஒன்றுதான், குடும்பம் இரண்டு. தாத்தா கட்டியதை நடுவில் ஒரு சுவர் எழுப்பி அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள். வலப்பக்கம் பெரியப்பா, இடப்பக்கம் நாங்கள். உள்ளேதான் இரண்டு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே முகப்பு, மேலே ஒரே கைப்பிடிச் சுவர். அந்தக் கைப்பிடிச் சுவரின் நடுவில் தோகை விரித்த ஒரு மயிலைச் சிமெண்டில் செய்து வைத்திருந்தார் கொத்தனார். பாகப்பிரிவினையில் மயிலின் கழுத்து வரைக்கும் பெரியப்பாவுக்கு, மறுபாதி எங்களுக்கு என்று ஆகிவிட்டது. அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. பொங்கலுக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வெள்ளையடிப்பார்கள். பின்கட்டில் டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சோறு கொதிப்பதுபோல் கொதிக்கும். கிட்டே போகாதே என்று கத்துவார்கள். அந்தச் சூட்டு வாசனைக்காகவே நாங்கள் கிட்டே போவோம்.

எங்கள் இரண்டு வீட்டிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனாவுக்குத் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை. ஓர் ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும், தம்பி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. கம்பெனிக்காரர்கள் அம்மாவுக்கு அங்கேயே கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். விடிந்ததும் கம்பெனிச் சங்கு ஊதுகிற சத்தத்துக்கு முன்னால் அம்மா தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சுலபம்தான். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடந்த நைனாவை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். காரியம் முடிகிறவரை சாப்பிடாமல் கிடந்தார். எங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். அவ்வளவு செய்த மனிதருக்கு இந்த ஒன்று மட்டும் ஏன் புரியவில்லை என்று நினைக்கும்போதுதான் என் கோபம் இன்னும் கூடுகிறது.

முதல் வருஷம் வெள்ளையடிக்கவில்லை. துக்க வீடு, யாரும் அடிக்க மாட்டார்கள். அந்த மழைக்கே எங்கள் பக்கம் பாசி பிடித்துவிட்டது. மறு ஆடியில் வருஷ திதி கொடுத்தார்கள். ஆவணியில் பெரியப்பா மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பார்க்க வருவதாகப் பேச்சு வந்தது. பெரியப்பா ஆள் கூப்பிட்டுவிட்டார். இந்த முறை சுண்ணாம்பு இல்லை, டின்னில் வருகிற சிமெண்ட் பெயிண்ட். வெளிர் நீலம்.

பெயிண்ட் அடிக்கிறவர்கள் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே வந்து நின்றாள்.

"மாமா, ஆளுங்க வந்துகிறாங்க. அப்டியே நம்ம பக்கமும் அடிச்சிட சொல்லுங்க. என் பங்கு நான் குட்த்துர்றேன்."

பெரியப்பா அவளைப் பார்க்காமல் சாரத்தைப் பார்த்தபடி சொன்னார். "உன் பக்கத்துக்கு இன்னாத்துக்குமே இப்போ?"

"பாசி புட்ச்சுகினு கீது மாமா. மேல வெடிப்பு வேற வுட்டுக்கீது."

"தாலி இல்லாத ஊடு பளபளன்னு நின்னா தெருவுல நாலு பேரு இன்னா பேசுவான்? வேலைக்கிப் போறதுக்கே பேசறான். சும்மா கெட. காலம் வரும்போது பாத்துக்கலாம்."

எந்தக் காலம் வரும் என்று அம்மா கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். எந்தக் காலம் வரும்? செத்தவர் திரும்பி வருகிற காலமா?

பெயிண்டர் மேலேயிருந்து கீழே வரை நூல் பிடித்தார். நீலத்தில் தோய்த்த நூலை இழுத்து ஒரு சுண்டு சுண்டியதும் சுவரில் நேர்கோடு விழுந்தது. அந்தக் கோடு மயிலின் கழுத்து வழியாகத்தான் போனது. சாயங்காலத்துக்குள் ஒரு பக்கத்து மயில் புதுசாகிவிட்டது, மறுபக்கத்து மயில் கரும்பச்சையாகவே இருந்தது. உங்களுக்கு அது விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் "அரை மயிலு வருதுடா" என்று என்னைக் கூப்பிட்டது யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள் பெரியப்பா ஒரு வண்டித் தென்னங்கீற்று கொண்டுவந்து இறக்கினார். பந்தல் போடப் போகிறார்கள் என்று தம்பி குதித்தான். பந்தல் இல்லை. எங்கள் பக்கம் முழுவதையும் மூடிக் கட்டினார்கள். வாசலுக்கு ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டார்கள். ஜன்னலும் அடைந்துபோயிற்று.

"கொஞ்ச நேரந்தான். அவுங்க போறவரைக்கும் புள்ளைங்கள வெளிய வுடாதே. நீயும் வராதே," என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார். சகுனம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த மதியம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பச்சைக் கீற்றின் வாசனை, அதிலிருந்து இறங்கிய எறும்புகள், தரையில் கோடு கோடாக விழுந்த வெளிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் கேசரி கிண்டுகிற நெய் வாசனை வந்தது. யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். தம்பி கேசரி வேண்டும் என்று அழ ஆரம்பித்தான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். சத்தம் வெளியே போய்விடக் கூடாதென்று தன் வீட்டுக்குள்ளேயே தன் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்முடைய வயதில் இதைத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது, அந்தக் கீற்றை அப்போதே பிடுங்கி எறியாமல் இருந்தோமே என்று இருக்கிறது.

எல்லோரும் போனபின் அக்காதான் தட்டில் கேசரி கொண்டுவந்தாள். பட்டுப்புடவையோடு கீற்றுக்குள் குனிந்து வந்ததில் அவள் பூவில் ஒரு நார் சிக்கிக்கொண்டது. அம்மா அதை எடுத்துவிட்டாள். பையன் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது, தையில் நிச்சயம் என்று பெரியம்மா மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மா எப்போதும் அப்படித்தான். பெரியப்பா வாயிலிருந்து வந்ததைத்தான் அவள் வாயும் சொல்லும்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. கைப்பிடிச் சுவரில் எங்கள் பக்கம் விட்டிருந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கியது. எங்கள் கூடத்தில் பாத்திரம் வைத்தோம். அது எங்களுக்குப் பழக்கம். ஆனால் சுவர் ஒன்றுதானே? நடுச்சுவருக்குள் இறங்கிய தண்ணீர் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கசிந்துகொண்டு வந்தது. புதுசாக அடித்த நீலம் முகப்பிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பித் தோல் மாதிரி உரிந்தது. நூல் பிடித்துக் கோடு போட்டதெல்லாம் மனிதர்களுக்குத்தான் என்று அவருக்கு அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றவில்லை. மழை விட்டதும் எங்கள் வாசலுக்கு வந்து, "உன் பக்கத்து தண்ணி என் பக்கம் பூந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிகினு கீது. நிச்சயத்துக்குள்ள அந்த வெடிப்ப அடச்சிடு," என்றார்.

"அடைக்கிறேன் மாமா. அடச்சிட்டு அப்டியே பெயிண்டும் அடிச்சிர்றேன். சும்மா பூசி வுட்டா மறுபடியும் தண்ணி இழுக்கும்."

"வெடிப்ப மட்டும் அட. கலரு கிலருன்னு கெளம்பாதே."

அவர் வீட்டுக்கு ஈரம் வராமல் இருக்க எங்கள் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அழகாக இருக்கக் கூடாது. இந்த நியாயத்தை யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் நன்றாயிருக்கும்.

மார்கழிக் கடைசியில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் இருந்த பாய் கடைக்குப் போனாள். பாய் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, கயிறு, பெயிண்ட் எல்லாம் அங்கேதான். சிமெண்டும் மணலும் சொல்லிவிட்டு அம்மா கலர் அட்டையைக் கேட்டாள். பாய் அட்டையை எடுத்தவர் கொஞ்சம் தயங்கி, "யாருக்கும்மா? பெரியவரு அனுப்பினாரா?" என்றார்.

"எனக்குத்தான் பாய். எங்க பக்கத்துக்கு."

"அப்ப ஒரு வெள்ளையே எடுத்துக்கயேன்."

"ரோஸ் குடு பாய்," என்றாள் அம்மா. அட்டையைப் பார்க்கவேயில்லை. திரும்பி வரும்போது ஏன் ரோஸ் என்று கேட்டேன். "எனக்குப் புடிக்கும்," என்றாள். அம்மாவுக்கு ஒரு நிறம் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாய் ஏணியையும் இரவல் கொடுத்தார், மூங்கில் ஏணி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். புடவைமேல் நைனாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, வெடிப்பை முந்தின வாரமே பூசியிருந்ததால் அதன்மேல் தண்ணீர் அடித்து நனைத்து, பெயிண்டைக் கரைத்தாள். கீழே கைக்கு எட்டிய வரை முடிந்தது. அப்புறம் ஏணியில் ஏறி வாசலுக்கு மேல் எங்கள் பக்கம் முழுக்க ஓடிய சன்ஷேடில் நின்றுகொண்டு கைப்பிடிச் சுவரைத் தொட்டாள்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உங்கள் அம்மாக்கள் நின்றார்கள். "புருசன் சட்டையப் போட்டுகினு ஏணி ஏறுறா பாரேன்." "ரோஸ் கேக்குதா இவளுக்கு?" இரண்டும் எனக்குக் கேட்கிற மாதிரியேதான் சொல்லப்பட்டன. உங்களில் ஒருவர் எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

பெரியப்பா மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று.

"இன்னாமே இது? எறங்கு கீழ."

"கொஞ்சந்தான் மாமா கீது. முடிச்சிட்டு எறங்கறேன்."

"தெருவே வேடிக்க பாக்குது. எறங்குன்றேன்."

"பாக்கட்டும் மாமா. நான் திருடலியே. என் ஊட்டு செவுருக்குத்தானே அடிக்கிறேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். ஏணியைத் தூக்கினார். அப்படியே தோளில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா சன்ஷேடில் நின்றாள். கைப்பிடிச் சுவர் அவள் தலைக்கும் மேலே இருந்ததால் மாடிக்கு ஏற முடியாது. கீழே குதித்தால் கால் போகும். கையில் பிரஷ். தம்பி, "அம்மா வா, அம்மா வா," என்று கத்தினான். நான் தெருவைப் பார்த்தேன். நம் தெருவில் அப்போது எத்தனையோ வீட்டில் ஏணி இருந்தது. மதில்மேல் இருந்தவர் வீட்டுச் சந்தில் ஒன்று சாய்த்துவைத்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஓடிப்போய் அவர் அப்பாவிடம் கேட்டேன். "உங்க குடும்ப விசயம்மா. நாங்க பூந்தா நல்லாருக்காது," என்றார் அவர். சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்று தொடர்ந்து பார்த்தார். உதவி செய்தால் தலையீடு, வேடிக்கை பார்த்தால் மரியாதை! நான் ஒவ்வொரு வாசலாகப் போனேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. அம்மா உட்காரக்கூட இல்லை, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கீழே டின்னில் பெயிண்ட் இறுக ஆரம்பித்தது.

பெரியப்பா வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். அந்தப் பெரிய ஏணியைத் தலைப்பக்கம் பிடித்துத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணம் பேசியிருக்கும் பெண் வாசலுக்கே வரக்கூடாத நாட்கள் அவை. பின்னாலேயே பெரியப்பா வந்தார்.

"உள்ள போடி."

அக்கா ஏணியைச் சன்ஷேடில் சாய்த்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அவள் அப்பாவிடம் அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நைனா, நாளைக்கி எனக்கும் இப்டி ஆச்சுன்னா, என்னையும் கீத்துக்குப் பின்னாடி ஒக்கார வெப்பியா?"

பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியம்மா வாசற்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவரோடு உள்ளே போகவில்லை, எங்களிடமும் வரவில்லை.

எல்லோரும் அம்மா இறங்குவாள் என்று பார்த்தார்கள். அம்மா மேலேயிருந்து, "அந்த டின்னுல கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கிக் குடும்மா," என்றாள். அக்கா கலக்கிக் கொடுத்தாள். அம்மா மயில் வரைக்கும் அடித்து வந்து கழுத்தில் நிறுத்தினாள். "மீதியையும் அடிச்சிடு சித்தி," என்றாள் அக்கா. "அது உங்க நைனா பக்கம்," என்று சொல்லிவிட்டு அம்மா பிரஷைக் கழுவ இறங்கினாள். கோட்டைத் தாண்டி ஒரு துளி ரோஸ் போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி பாசியும் இல்லை.

நிச்சயம் நடக்கவில்லை என்பது உண்மை. ஏன் நடக்கவில்லை? பையனின் மாமாவுக்கு எஸ்டேட்டில்தான் வேலை. கூட்டத்தில் நின்ற யாரோ மறுநாளே அவர் காதில் போட்டுவிட்டார்கள். "பொண்ணுக்கு வாய் நீளம், அப்பனையே நடுத்தெருவுல கேள்வி கேக்குது," என்று அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக, அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது ரோஸ் கலர் இல்லை. ஒரு பெண் கேட்ட ஒரு கேள்வியும், அதை அங்கே கொண்டுபோய்ச் சொன்ன நம் தெரு வாயும்தான். அந்தக் கேள்விக்கே ஓடிப்போகிறவர்கள் வீட்டில் அக்கா வாழ்ந்து என்ன கண்டிருப்பாள்? பிறகு அவள் டைப்ரைட்டிங் படித்து வேலைக்குப் போய், பூந்தமல்லிப் பக்கம் வாக்கப்பட்டு, நன்றாகவே இருக்கிறாள். அன்று கேட்டதை நினைத்து ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் நீங்கள் பழியை அம்மா தலையில் வைத்தீர்கள். அவள் கேன்டீனுக்குப் போகும்போது எதிரே வந்தவர்கள் வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள். அம்மா ஒருநாளும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்?

பெரியப்பா எங்களிடம் பேச்சை விட்டுவிட்டார். ஃபீஸ் மட்டும் பெரியம்மா கையில் கொடுத்தனுப்புவார். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு கோடையில் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். தலைமாட்டில் அம்மா உட்கார்ந்து அழுததைப் பார்த்து நீங்கள்கூட ஆச்சரியப்பட்டீர்கள்.

வருஷ திதி முடிந்து, மழையும் ஓய்ந்து, பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பெரியம்மா விளக்கைக்கூடப் போடாமல் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா போனதிலிருந்து அவள் வாசலுக்கு வந்து நான் பார்க்கவேயில்லை. அவளை யாரும் உள்ளே இருக்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா விளக்கைப் போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆளு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வர்றான். உன் பக்கத்துக்கு இன்னா கலரு அடிக்கலாம்?"

பெரியம்மா அவளைப் பார்த்தாள். புரியாததுபோல என்னைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னையா கேக்கற?"

"உன் ஊடுதானே. உன்னைத்தான் கேக்கணும்."

"எனக்கு எந்தக் கலரு புடிக்கும்னே தெரியலடி," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அழ ஆரம்பித்தாள். அவர் செத்தபோது அவள் அப்படி அழவில்லை. ஒரு மனுஷி ஐம்பது வயது தாண்டி, பிள்ளை பெற்று, வீடு காத்து, வாழ்ந்து முடித்திருக்கிறாள். அவளிடம் இந்தச் சின்னக் கேள்வியை அதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் ஒரு சுவரைப் பற்றி என்று நீங்கள் நினைத்திருந்தால், இந்த இடத்தை மட்டும் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நாங்கள் கிளம்பி வாசல்வரை வந்தபோது பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"பச்ச அடிக்கலாமாடி?"

"அடிக்கலாங்க்கா."

"வெளிர் பச்ச வேணாம். கிளி மாரி, நல்லா பளிச்சுனு."

அம்மா என் பக்கம் திரும்பி, "ஓடு, பாய் கட மூடறதுக்குள்ள போய் சொல்லிட்டு வா," என்றாள்.